உருவப்படம் வரையச் சொல்வதற்கு முன்

இயற்கைக் காட்சியையோ தெய்வ உருவத்தையோ விலைக்கு வாங்குகிறவர் முடிந்த ஓவியத்தைப் பார்த்து, பிடித்திருந்தால் வாங்குகிறார். பிடிக்காவிட்டால் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். உருவப்படத்தில் அந்த வசதி இல்லை. கேன்வாஸ் வெறுமையாக இருக்கும்போதே விலை பேசி, முன்பணம் கொடுத்து, முகத்தையும் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வரைகிறவர், வரையப்படுகிறவர், பணம் தருகிறவர் என்று மூவர் இதில் இருக்கிறார்கள்; மூவரும் ஒன்றையே எதிர்பார்ப்பது அரிது. பெற்றோரின் மணிவிழாவுக்காகவோ, மறைந்த தாத்தாவின் நினைவாகவோ, பள்ளியின் நிறுவனருக்காகவோ படம் வரையச் சொல்ல நினைப்பவர்கள் எவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். வரலாற்றையும் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்று நாம் ஓவியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றை முந்தைய நூற்றாண்டுகளில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அல்லது கேட்காமல் விட்டு வருந்தியிருக்கிறார்கள்.

விலை பேசி வரைந்த முகங்கள்

எகிப்தில் ரோமானியர் ஆட்சி நடந்த கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், ஒருவரின் முகத்தை மரப்பலகையில் வரைந்து, அவர் இறந்தபின் பதப்படுத்திய உடலின் முகப்பகுதியில் பொருத்தும் வழக்கம் இருந்தது. ஃபாயும் வட்டாரத்தின் பெயரால் அழைக்கப்படும் இப்படங்களில் ஏறத்தாழ 900 இன்று நமக்குக் கிடைத்துள்ளன. இவற்றில் பல, தேன்மெழுகில் குழைத்த வண்ணத்தால் ஆனவை. வறண்ட மணலில் கிடந்ததால் கண்களின் ஈரம்கூட மங்காமல் நிற்கிறது. நம் பக்கத்தில் மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் பல்லவ அரசர்கள் தேவியரோடு நிற்கும் சிற்பங்கள் உள்ளன. ஆனால் அவை அரச ஆணையில் உருவானவை. விலை பேசிய வாடிக்கையாளர் அங்கே இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையும் முறை பதினைந்தாம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிளாண்டர்ஸ் பகுதியில் முதிர்ச்சி அடைந்தது. யான் வான் ஐக் 1433-இல் வரைந்த, சிவப்புத் தலைப்பாகை அணிந்த மனிதரின் படம் லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. மழிக்காத தாடியின் முட்களையும் கண்ணோரச் சுருக்கங்களையும் அதில் எண்ணிவிடலாம். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்கிறது. மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசலாம். தோலின் நிறம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நழுவிச் செல்வதைக் காட்ட இதைவிட ஏற்ற ஊடகம் இன்றுவரை அமையவில்லை என்பது என் கருத்து.

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் ஓவியரான ஹான்ஸ் ஹோல்பைனின் கதை, பணம் தருகிறவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. அரசர் மறுமணத்துக்குப் பெண் தேடியபோது, 1538-இல் டென்மார்க் இளவரசி கிறிஸ்டினாவை வரைந்துவர ஹோல்பைன் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பப்பட்டார். இளவரசி எதிரில் உட்கார்ந்தது மூன்று மணி நேரம் மட்டுமே. அப்போது தீட்டிய கோட்டோவியத்தை வைத்துக்கொண்டுதான் இன்று லண்டனில் உள்ள முழுஉருவப் படத்தை அவர் முடித்தார். மறு ஆண்டு, ஜெர்மானியச் சிற்றரசான கிளீவ்ஸின் இளவரசி ஆன் என்பவரைப் படமாக வரைந்து கொடுத்தார். 1540 ஜனவரியில் நடந்த அந்தத் திருமணம் ஜூலைக்குள் முறிந்தது. நேரில் கண்ட பெண்ணை அரசருக்குப் பிடிக்கவில்லை. ஓவியர் பொய் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அழகாகக் காட்ட வேண்டுமா, உள்ளபடி காட்ட வேண்டுமா என்பதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த பாடம் கிடைக்காது.

பலர் சேர்ந்து வரையச் சொல்லும் படத்தின் சிக்கலை, ஆம்ஸ்டர்டாம் ஊர்க்காவல் படையினருக்காக ரெம்ப்ராண்ட் 1642-இல் முடித்த பெரும் ஓவியத்தில் காணலாம். ஆளுக்குச் சுமார் 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) தந்ததாகவும், படத்தில் கிடைத்த இடத்துக்கு ஏற்பச் சிலர் கூடவும் சிலர் குறைவாகவும் கொடுத்ததாகவும் அவர்களில் ஒருவர் பின்னாளில் சாட்சியம் அளித்தார். குடும்பப் படம் வரையச் சொல்லி, எந்தச் சித்தப்பா எங்கே நிற்பது என்பதில் மனக்கசப்பு வளர்க்கிறவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தம் கட்டணங்களை அளவு வாரியாக வைத்திருந்தார். 1780-களில் தலைப்பகுதிக்கு மட்டும் 50 கினி (அன்றைய ஆங்கிலேயப் பொற்காசு), அரையுருவத்துக்கு 100, முழுவுருவத்துக்கு 200 என்பது அவர் கணக்கு. முகத்தை அவர் வரைவார். ஆடையின் மடிப்புகளை வரையத் தனி ஆட்கள் இருந்தார்கள். அவர் விரும்பிப் பயன்படுத்திய செந்நிறச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை. அதனால் பல படங்களில் கன்னச் சிவப்பு மறைந்து முகம் சுண்ணாம்பு நிறமானது; படத்தில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே சிலவற்றில் இது நேர்ந்தது. விலையின் அடிப்படை என்ன, உதவியாளர் வரையும் பகுதி எது, வண்ணம் நிலைக்குமா என்ற மூன்று கேள்விகளும் இவர் ஒருவரிடமிருந்தே நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

அதே நூற்றாண்டில், 1769-இல், டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் சென்னையில் வந்திறங்கி, கம்பெனி அதிகாரிகளையும் ஆற்காட்டு நவாபையும் வரைந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர்களின் வழியாக எண்ணெய் வண்ண உருவப்படம் இந்தியச் சமஸ்தானங்களின் ஆசையாக மாறியது. திருவிதாங்கூர் அரண்மனையில் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு இந்த முறையில் பெயர் பெற்றிருந்தார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அங்கே வந்தபோது, கிளிமானூரைச் சேர்ந்த இளைஞர் ரவி வர்மா அவர் வரைவதை அருகிலிருந்து பார்க்க மட்டுமே அனுமதிக்கப்பட்டார். பார்த்தே கற்றவர், 1870-இல் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் குடும்பத்தை வரைந்து கூலி பெற்றார்; 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வென்றார். பிறகு சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் முதல் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரண்மனை வரை அவரிடம் படம் வரையச் சொன்னார்கள். பின்னணி நிலக்காட்சிகளில் தம்பி ராஜராஜ வர்மா கைகொடுத்தார். தேவைப்பட்டபோது ரவி வர்மா புகைப்படத்தையும் பார்த்து வரைந்தார். புகைப்படம் பார்த்து வரைவது மட்டமான வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1839-இல் புகைப்படக்கலை வெளியுலகுக்கு வந்தபின் முக ஒற்றுமைக்காக மட்டும் ஓவியரைத் தேட வேண்டிய அவசியம் குறைந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்கள் புகைப்படத்தின் மீதே வண்ணம் தீட்டிக் கொடுத்தன. செட்டிநாட்டு வீடுகளில் வரிசையாகத் தொங்கும் முன்னோர் படங்களில் எது ஓவியம், எது வண்ணம் பூசிய புகைப்படம் என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எதை, எந்த அளவில்

முதலில் படம் எங்கே தொங்கப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். ஊடகமும் அளவும் அதைப் பொறுத்தவை. கூடத்தில் சோபாவுக்கு மேலே பத்தடி தூரத்திலிருந்து பார்க்கப்போகும் படத்துக்கு எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக்கோ பொருந்தும். படிப்பறைக்கு கரிக்கோல், பென்சில், பேஸ்டல், நீர்வண்ணம் ஆகியவை போதும்; செலவும் குறைவு. ஆனால் காகிதத்தில் வரைந்தவற்றுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். அக்ரிலிக் விரைவில் காய்வதால் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்களுக்கு உதவும். எண்ணெய் வண்ணத்தின் ஆழம் அதில் வருவது கடினம்.

அளவைப் பொறுத்தவரை, தலையும் தோளும் மட்டும் என்றால் 16-க்கு 20 அல்லது 18-க்கு 24 அங்குலம், கைகளோடு அரையுருவம் என்றால் 30-க்கு 40 அங்குலம் அளவில் தொடங்கலாம். முகத்தை உண்மையான அளவைவிடச் சற்றுச் சிறிதாக வரைவது பழைய நடைமுறை; சுவரில் தொங்கும்போது உயிரளவு முகம் பெரிதாகத் தெரிந்து அறையில் இருப்பவர்களை அச்சுறுத்தும். பெரிய கேன்வாஸுக்கு ஆசைப்பட்டுத் தலையை மட்டும் அதில் ஊதிப் பெருக்கச் சொல்லாதீர்கள். அரசியல் கட்சிகளின் பதாகைகள் நம் கண்ணை இந்த விஷயத்தில் கெடுத்து வைத்திருக்கின்றன.

ஓவியரைத் தேடுதல்

இணையத்தில் காணும் படங்களை வைத்து ஓவியரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; கைப்பேசித் திரையில் எல்லா ஓவியமும் நன்றாகவே இருக்கும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகள், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி, 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் ஆகிய இடங்களில் நேரில் பார்க்கலாம். நல்ல எண்ணெய் வண்ண முகம் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ரவி வர்மா ஓவியங்களும் கோட்டை அருங்காட்சியகத்தின் ஆளுநர் படங்களும் உதவும். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களின் முகங்களை வரைந்து புகழ்பெற்று, 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜாவுக்குப் பிறகு, உள்ளதை உள்ளபடி வரையும் முறையில் இளையவர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். ஆகவே ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஓவியரின் கூடத்துக்குப் போனால் மூன்றைக் கவனியுங்கள். அவர் வரைந்த வெவ்வேறு மனிதர்கள் ஒரே குடும்பத்தினர் போலத் தெரிந்தால், அவர் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் தமக்குப் பழகிய முகத்தையே வரைகிறார் என்று பொருள். அடுத்து கைகள்: விரல்கள் எப்போதும் துண்டுக்குள்ளோ புத்தகத்துக்குப் பின்னாலோ மறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். மூன்றாவது, மாநிறத்தையும் கறுப்பையும் அவர் எப்படிக் கையாள்கிறார் என்பது. கறுத்த தோலில் நீலமும் ஊதாவும் செம்மண் நிறமும் கலந்தே ஒளி விழுகிறது. வெறும் பழுப்பில் கறுப்பைக் கலந்து பூசுகிறவரிடம் உங்கள் அப்பத்தாவை ஒப்படைக்காதீர்கள். இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்காமலே நிறத்தை இரண்டு படி ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெளுக்க வேண்டாம் என்பதை எழுத்திலேயே குறிப்பிடுவது நல்லது.

நேரிலா, புகைப்படத்திலிருந்தா

வரையப்படுகிறவர் உயிரோடு இருந்து, ஓவியரும் அருகில் இருந்தால், ஒருமுறையாவது எதிரில் உட்காரும்படி ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மணி நேரத்தில் ஹோல்பைன் எடுத்துக்கொண்டதை எத்தனை புகைப்படமும் தராது: தலை சாய்க்கும் விதம், பேசும்போது உயரும் புருவம், தோலின் உண்மையான நிறம். முதியவர்களுக்கு அரைமணிக்கு ஒருமுறை இடைவெளி தர வேண்டும்.

புகைப்படம்தான் வழி என்றால் அதை ஒழுங்காக எடுக்க வேண்டும். கைப்பேசியை முகத்தருகே நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடும். குறைந்தது ஆறேழு அடி தள்ளி நின்று, கண்மட்டத்தில் வைத்து, இருமடங்கு ஜூமில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், நேரடி வெயிலும் வேண்டாம். ஒரு பக்க ஜன்னலிலிருந்து வரும் காலை வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியை நிழலில் வைத்து உருட்சியைக் காட்டும். செல்பி பல கைப்பேசிகளில் இடவலமாக மாறிப் பதிவதால், மூக்குத்தியும் மச்சமும் தவறான பக்கத்துக்குப் போய்விடக்கூடும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கங்கள் சுருங்கிப்போகும். ஆவணமாக அனுப்ப வேண்டும்.

மறைந்தவரின் பழைய புகைப்படம் ஒன்றே மிஞ்சியிருக்கிறது என்றால் அதை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவிலாவது ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகளை அதில் பயன்படுத்தக் கூடாது. அவை இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் கற்பனையாக நிரப்பி, உங்கள் தாத்தாவை முன்பின் அறியாத யாரோ ஒருவராக மாற்றிவிடும். ஓவியர் அந்த அந்நியரை நம்பி வரைவார். மாறாக, மறைந்தவரைப் போலவே நிறம் கொண்ட மகனையோ பேத்தியையோ ஓவியருக்குக் காட்டுங்கள். அவர் கட்டிய புடவையோ வேட்டிக்கரையோ பெட்டியில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பழைய ஸ்டுடியோப் படங்களில் முகத்தைப் பென்சிலால் திருத்தி வழவழப்பாக்குவது வழக்கம் என்பதால், அம்மைத் தழும்பு, நெற்றிக் கோடு போன்றவற்றை நினைவிலிருந்து எழுதிக் கொடுப்பது பயன்தரும். அந்தப் பட்டியலை எழுத வீட்டில் மூத்தவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள். ஆளுக்கொரு தாத்தா நினைவில் இருப்பார்.

விலையும் ஒப்பந்தமும்

இன்றைய கட்டணமும் ரெனால்ட்ஸ் காலத்துக் கணக்கைப் பெரிதாகத் தாண்டவில்லை: அளவு, தலைகளின் எண்ணிக்கை, கைகள் உண்டா, பின்னணி வெறுமையா விரிவா, ஓவியரின் பெயர் என்பவை சேர்ந்து விலையாகின்றன. பட்டுப்புடவையின் ஜரிகையும் நகைகளும் முகத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் நகையைக் குறையுங்கள். ஓவியரின் கூலியைக் குறைக்கப் பேரம் பேசினால் அது முகத்தில்தான் தெரியும்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஒப்பந்தம் போதும். அளவு, ஊடகம், கேன்வாஸின் வகை, முடிக்கும் நாள், உதவியாளர் வரையும் பகுதி, பிரேமும் அனுப்பும் செலவும் யாருடையவை ஆகியவை அதில் இருக்க வேண்டும். பணத்தைத் தொடக்கத்தில், முகம் முடிந்த நிலையில், ஒப்படைக்கும்போது என்று மூன்று தவணையாகக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. வண்ணம் பூசுமுன் கோட்டோவியத்தைப் பார்த்து ஒப்புதல் தருவதும், திருத்தம் எத்தனை முறை என்று வரையறுப்பதும் அவசியம். கோட்டோவிய நிலையில் வாயை மாற்றுவது சில நிமிட வேலை. பிறகு அதுவே சில நாள் வேலை.

பலர் அறியாத ஒன்று: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் முதல் பதிப்புரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே. ஓவியர் தம் கண்காட்சியிலோ விளம்பரத்திலோ அப்படத்தைப் பயன்படுத்த விரும்பினால் உங்களிடம் கேட்க வேண்டும். தாராளமாகச் சம்மதிக்கலாம்; ஆனால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படத்தைச் சிதைத்து அவர் பெயருக்கு இழுக்கு நேராமல் தடுக்கும் உரிமை அவரிடமே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

வண்ணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். கலைஞர் தர வண்ணக் குழாய்களில் நிறமியின் குறியீடும் வெளிச்சத்தைத் தாங்கும் தரமும் அச்சிடப்பட்டிருக்கும். பி.ஆர். 83 என்று குறிக்கப்படும் அலிசரின் செந்நிறம் வெளிறக்கூடியது. அதற்கு மாற்றாக நிலைக்கும் செந்நிறங்கள் கடையில் உள்ளன. மாணவர் தர வண்ணத்தில் வரைந்த படத்துக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கைக்கு வந்தபின்

புகைப்படத்தைக் கேன்வாஸில் அச்சிட்டு, மேலே தெளிவான பசையால் தூரிகைத் தடம் போட்டு, கையால் வரைந்தது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். உருப்பெருக்கியால் பார்த்தால் அச்சின் நுண்புள்ளிகள் தெரியும். தூரிகைத் தடங்கள் புருவத்தின் போக்கிலும் தாடையின் வளைவிலும் செல்லாமல் தம்பாட்டுக்கு ஓடியிருக்கும். பகலில், ஜன்னலருகே, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்த பிறகும் உள்ளே பல மாதங்கள் இறுகிக்கொண்டே இருக்கும். இறுதி வார்னிஷை ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துப் பூசுவதே மரபு. அதற்காக ஓவியர் மீண்டும் வருவார் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். மழைக்காலத்தில் ஈரம் கோக்கும் வெளிச்சுவரிலும் வெயில் நேரே விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம். பிரேமின் பின்புற மூலைகளில் கார்க் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் கேன்வாஸுக்கும் இடையே காற்று புகும்; கடலோர ஊர்களில் பூஞ்சையைத் தள்ளிப்போட இது எளிய வழி. மறைந்தவரின் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். எண்ணெய் ஓவியத்தின் பரப்பில் அவற்றை வைத்தால் எடுக்க முடியாத கறையாகும். பிரேமின் மீதோ, கீழே தனிப் பலகையிலோ வைக்கலாம். விளக்கின் புகைக்கரியும் நாளடைவில் முகத்தை மஞ்சளாக்கும்.

பழைய படம் வாங்குவோருக்கு

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் யாரோ ஒருவரின் முன்னோர் படங்கள் விலைக்கு வருகின்றன. ரவி வர்மா என்று சொல்லி எதைக் காட்டினாலும் சந்தேகத்தோடு பாருங்கள். அவர் பெயரில் 1894 முதல் அச்சகத்தில் பல வண்ணங்களில் அச்சாகிப் பரவிய படங்கள், வார்னிஷ் பூசப்பட்ட நிலையில், மூல ஓவியம் என்ற பெயரோடு கைமாறுகின்றன. அச்சுப்படமாக அவற்றுக்குரிய மதிப்பு உண்டு; ஓவியத்தின் விலை கிடையாது. படம் எந்த வீட்டிலிருந்து யார் வழியாக வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டால் விலகிவிடுவது நல்லது.

தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1972-இன்படி நூறாண்டு கடந்த ஓவியம் தொல்பொருள் ஆகிறது. விற்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். ஓவியமும் பதிவு அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. ரவி வர்மாவின் படைப்புகள் 1979-இல் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டதால் அவற்றுக்கும் இதே தடைதான். பூட்டனாரின் படத்தை சிங்கப்பூருக்கோ டொரண்டோவுக்கோ எடுத்துச் செல்ல நினைக்கும் உறவினர்கள், அது நூறாண்டுக்கு உட்பட்டது என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற வேண்டும். அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ளது. நூறாண்டைத் தாண்டியிருந்தால், மூலப்படத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, நல்ல ஓவியர் ஒருவரைக் கொண்டு பிரதி வரைந்து எடுத்துச் செல்லலாம். அந்தப் பிரதியின் பின்புறத்தில் அது பிரதி என்பதையும், வரைந்தவர் பெயரையும், ஆண்டையும் அழியாத மையால் எழுதச் சொல்லுங்கள்.